தலைக்கு எட்டு ஷில்லிங்

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி ஒருவர் எழுதியது)

சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் நடந்த சொற்போட்டியை நண்பர்கள் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். 'மாணவர் தேர்ச்சியைப் பொறுத்தே ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும்' என்பது தலைப்பு. ஒட்டிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. நெசவாளிக்கு முழத்துக்குக் கூலி, கரும்பு வெட்டுபவர்க்கு டன்னுக்குக் கூலி, ஆசிரியர்க்கு மட்டும் மாதம் பிறந்தால் சம்பளமா என்று கேட்டேன். கைதட்டல் பலமாகவே இருந்தது. இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளரும் கிடைத்தது.

வீட்டுக்குப் போய் டம்ளரை அம்மாவிடம் காட்டினேன். அம்மா எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஆசிரியை. "என்னடி பேசுன?" என்று கேட்டார்கள். பேசியதை அப்படியே சொன்னேன். கோபித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. "எங்க நாலாங்கிளாஸுல ஒரு பொண்ணு இருக்கு. தை பொறந்தா அப்பா அம்மாவோட செங்கல் சூளைக்குப் போயிடும். ஆடியிலதான் திரும்பி வரும். அதை உன் கணக்குல எந்தப் பக்கம் எழுதுவ?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது பதில் தோன்றவில்லை. மறுநாள் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நீ சொன்னதை ஒரு நாடு முப்பது வருஷத்துக்கு மேல் நடத்திப் பார்த்துவிட்டதம்மா. நம் மாகாணத்திலும் நடந்தது. படித்துவிட்டு வந்து எழுது" என்றார். அவ்வாறு படித்ததன் பயனே இக்கட்டுரை.

அந்த நாடு இங்கிலாந்து. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை நெடுங்காலம் நடத்தி வந்தவை கிறித்துவத் திருச்சபைகளும் அவற்றைச் சார்ந்த சங்கங்களுமே. அரசு தன் கையை நீட்டியது 1833இல்தான். அவ்வாண்டு பாராளுமன்றம் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கென ஒதுக்கிய தொகை 20,000 பவுண்டு. ஆண்டுதோறும் அது வளர்ந்தது. 1846க்குப் பிறகு, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கும் அவர்களிடம் தொழில் பயிலும் மாணவ ஆசிரியர்களுக்கும் அரசே நேரடியாக ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வழங்கத் தொடங்கியது. 1861இல் மொத்த மானியம் எட்டு இலட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பணம் எங்கே போகிறது, பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள் என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. அதை ஆராய அமைத்த நியூகாசில் குழு 1861இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்கள் மேல் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்துக் கீழ் வகுப்பினரைக் கைவிடுகிறார்கள், பெரும்பாலோர் எழுதப் படிக்கக்கூடச் சரியாகக் கற்காமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்பது அதன் குறைபாடு.

அப்போது கல்வித்துறைப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் லோ. அவர் 1862இல் கொண்டுவந்த 'திருத்திய விதித்தொகுப்பு' நான் மேடையில் பேசியதைச் சட்டமாகவே எழுதியது போலிருக்கிறது. நேரடிச் சம்பள உதவி நின்றது. இனி மானியம் பள்ளி நிர்வாகிகளிடம் போகும். அதுவும் பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால்தான் போகும். இத்திட்டம் சிக்கனமாக இருக்கும் என்றோ, திறமையாக இருக்கும் என்றோ தம்மால் உறுதி கூற இயலாது; ஆனால் இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று மட்டும் உறுதி கூற முடியும் என்று அவர் பாராளுமன்றத்தில் பேசினார். செலவு குறையாவிட்டால் கல்வி சிறக்கும், கல்வி சிறக்காவிட்டால் செலவு குறையும் என்பது அவர் வாதம். சொற்போட்டியில் இந்த வரியை அறிந்திருந்தால் முதல் பரிசே வாங்கியிருப்பேன்.

கணக்கு இதுதான். சராசரி வருகைக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்று, குறைந்தது 200 வருகை பெற்றிருந்து, ஆய்வாளர் நடத்தும் தேர்வில் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் எட்டும் போச்சு. 60 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் தேறினால் 480 ஷில்லிங், அதாவது 24 பவுண்டு. பதினைந்து பேர் கணக்கில் மட்டும் தவறினால் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு குறையும். நிர்வாகிகள் இந்தப் பிடித்தத்தைத் தம் தலையில் போட்டுக்கொள்வார்களா? ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு பங்கு மானியத்தைப் பொறுத்தது என்று பல இடங்களில் ஒப்பந்தமே எழுதினார்கள். எனவே கணக்கில் தவறிய பிள்ளையின் சுமை கடைசியில் ஆசிரியர் வீட்டு அடுப்பில்தான் இறங்கியது.

ஆறு படிநிலைகள் வகுக்கப்பட்டன. முதற்படியில் ஓரசைச் சொற்களாலான சிறுகதையை வாசிக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்துகளைச் சொல்லச் சொல்லச் சிலேட்டில் எழுத வேண்டும். இருபது வரை எண்களை எழுதவும் அடையாளம் கூறவும் வேண்டும். ஆறாம் படியில் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசித்து, அது போன்றதைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். கணக்கில் கடைச்சரக்குப் பட்டியல் போடத் தெரிய வேண்டும். வரலாறு, நிலவியல், பாட்டு, ஓவியம் இவற்றுக்கெல்லாம் ஷில்லிங் கிடையாது. ஷில்லிங் கிடைக்காத பாடம் கால அட்டவணையிலிருந்து மெல்ல நழுவியது. இதைக் கண்டு 1867இல் வேறு சில பாடங்களுக்கும் தனி மானியம் தர வேண்டியதாயிற்று.

ஆய்வாளர் வரும் நாள் பள்ளிக்கு எப்படியிருந்தது என்பதைப் பற்றி அக்கால ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரே வாசக நூலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிள்ளைகள் அதனை மனப்பாடமாகவே ஒப்பித்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் வாசிப்பு தடைப்படாது. நோயுற்ற குழந்தைகளைக்கூடத் தேர்வுக்காகத் தூக்கி வந்தார்கள். ஒரு தலை குறைந்தால் எட்டு ஷில்லிங் குறையுமே! வருகைப் பதிவேட்டில் கை வைத்தவர்களும் உண்டு. ஒருமுறை ஒரு படியில் தேர்வுக்கு நிறுத்திய பிள்ளையை மறுமுறை அதே படியில் நிறுத்த இயலாது என்று விதி இருந்ததால், மந்தமான பிள்ளையும் ஆண்டுக்கொரு படி ஏற்றப்பட்டுக்கொண்டே போயிற்று. கெட்டிக்காரப் பிள்ளைக்கோ வகுப்பில் வேலையே இல்லை. அது எப்படியும் தேறிவிடும். தேறியதற்கு மேல் எவ்வளவு கற்றாலும் பைசா பயனில்லை.

இந்த 200 வருகை என்பதை நான் முதலில் 200 நாள் என்று நினைத்துவிட்டேன். அப்படியன்று. காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என அரைநாள் கணக்கு. எனவே நூறு முழுநாள் வந்த பிள்ளை தேர்வுக்குத் தகுதி பெறும். ஒரு வகையில் இது நியாயமான ஏற்பாடுதான். பள்ளிக்கே வராத பிள்ளைக்காக ஆசிரியரைத் தண்டிக்கக்கூடாதல்லவா? ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அறுவடைக்கும் மாடு மேய்க்கவும் போய்விட்டு அவ்வப்போது தலைகாட்டும் பிள்ளை 200ஐ எட்டாது என்று தெரிந்துவிட்டால், அதனால் வரவும் இல்லை, இழப்பும் இல்லை. அதற்காக ஒரு மணி நேரம் செலவிடும் ஆசிரியர், தேர்வுக்கு நிற்கும் பிள்ளைகளிடமிருந்து அந்த மணி நேரத்தைப் பிடுங்கித் தன் வருமானத்தைத்தான் குறைத்துக்கொள்கிறார். அம்மாவின் கேள்வி இங்கேதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அவர்களுடைய பதிவேட்டில் அந்தப் பெண்ணுக்குச் சென்ற ஆண்டு 86 நாள். அரைநாள் கணக்கில் 172. லோவின் பேரேட்டில் அவள் எந்தப் பக்கத்திலும் வரமாட்டாள்.

திட்டத்தின் நன்மையையும் மறைக்கலாகாது. மேல் வகுப்பை மட்டும் மினுக்கிக் காட்டிக் கீழ் வகுப்பைக் கைவிடும் பழைய வழக்கம் ஒழிந்தது. ஒவ்வொரு தலைக்கும் விலை இருந்ததால் கடைசிப் பலகைப் பிள்ளையையும் ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். செலவும் லோ சொன்னபடியே குறைந்தது. 1865இல் மானியம் ஆறரை இலட்சம் பவுண்டுக்கும் கீழே இறங்கியது. அவர் தந்த இரண்டு உறுதிகளில் ஒன்று நிறைவேறிற்று என்று சொல்ல வேண்டும். ஆனால் மாணவ ஆசிரியராகச் சேர முன்வருவோர் தொகையும் கூடவே குறைந்தது. மாத்யூ ஆர்னால்டு என்ற கவிஞரை ஆங்கிலம் பயிலும் நண்பர்கள் அறிவார்கள். அவருடைய பிழைப்பு பள்ளி ஆய்வாளர் வேலை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1851 முதல் 1886 வரை 35 ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தவர் அவர். துறையில் ஊழியராக இருந்துகொண்டே துறையின் இந்த விதித்தொகுப்பை 1862இலேயே எதிர்த்து எழுதினார். ஆய்வாளரை எப்படி வெல்வது என்று ஆசிரியர் கற்றுக்கொள்ளும் ஓர் இயந்திர விளையாட்டாகத் தேர்வு ஆகிவிட்டது என்பது அவருடைய அறிக்கைகளின் சாரம்.

இந்த நிலையில்தான் 'போர்டு' வருகிறது. எங்கள் பாட்டி இன்றும் அம்மாவின் பள்ளியைப் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்வார். நான் சிறுவயதில் அதைக் கரும்பலகை என்று பொருள் கொண்டிருந்தேன்! போர்டு என்பது மக்கள் தேர்ந்தெடுக்கும் கழகம். 1870இல் பார்ஸ்டர் கொண்டுவந்த தொடக்கக் கல்விச் சட்டப்படி, திருச்சபைப் பள்ளிகள் போதாத ஊர்களில் பள்ளிக் கழகங்கள் தேர்தல் மூலம் அமைக்கப்பட்டன. உள்ளூர் வரி செலுத்துவோர்க்கு வாக்கு. பெண்களும் வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் ஆகலாம். பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்குக் கிடைப்பதற்கு 48 ஆண்டுகள் முன்பே இது நடந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1870 நவம்பரில் நடந்த இலண்டன் தேர்தலில் மருத்துவர் எலிசபெத் காரெட் தம் தொகுதியில் முதலாவதாக வந்தார். அறிவியலறிஞர் ஹக்ஸ்லியும் அந்த முதல் போர்டில் உறுப்பினர். தலைவராக வந்தவர் நமக்கும் தெரிந்தவரே. இந்தியாவில் 1864 முதல் 1869 வரை வைசிராயாக இருந்த லாரன்ஸ் பிரபு.

போர்டின் வரவு செலவைப் பார்ப்போம். வரவு மூன்று வழிகளில் வந்தது. ஒன்று, பிள்ளைகள் வாரந்தோறும் கொண்டுவரும் கட்டணம். அது வாரம் 9 பென்ஸுக்கு மேற்படக்கூடாது என்பது சட்டம். 1891இல் அரசு தலைக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் ஈடு கொடுத்த பின்னரே பெரும்பாலான பள்ளிகளில் இக்கட்டணம் நின்றது. இரண்டு, நாம் மேலே கண்ட பாராளுமன்ற மானியம். மூன்றாவதுதான் போர்டுக்கே உரியது. அது வீடுகளின் ஆண்டு வாடகை மதிப்பின்மேல் விதிக்கும் வரி. போர்டு தானே வீடு வீடாக வசூலிப்பதில்லை. இவ்வளவு வேண்டும் என்று நகரசபைக்கு ஓர் ஆணை அனுப்பும். நகரசபை மறுபேச்சின்றி வசூலித்துக் கொடுக்க வேண்டும். பவுண்டுக்கு 3 பென்ஸுக்கு மேல் போகாது என்று பார்ஸ்டர் சொல்லியிருந்தார். அதாவது 20 பவுண்டு மதிப்புள்ள வீட்டுக்காரர்க்கு ஆண்டுக்கு 5 ஷில்லிங். இலண்டனில் அது விரைவிலேயே மூன்று பென்ஸைத் தாண்டிவிட்டது.

வரி உயர்ந்தால் யார் பொறுப்பார்? மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். வரியைக் குறைப்போம் என்று சொல்லியே ஒரு கூட்டம் போட்டியிடும். சொந்தப் பள்ளிக்கு நன்கொடை திரட்டத் திண்டாடும் திருச்சபைக் கட்சியினரும் போர்டுக்குள் நுழைந்து போர்டுப் பள்ளிகள் மிக வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளமே ஆதலால் சிக்கனம் என்று யார் பேசினாலும் அது கடைசியில் ஆசிரியர்மேல் போய் நிற்கும். இங்கே ஒரு வேறுபாடு முக்கியமானது. இலண்டன், பர்மிங்காம், லீட்ஸ் போன்ற பெருநகரப் போர்டுகளுக்கு வரி வருவாய் இருந்தது. எனவே மானியம் கூடினாலும் குறைந்தாலும் ஆசிரியர்க்கு நிலையான சம்பள விகிதம் என்ற நிலைக்கு அவை படிப்படியாக வர முடிந்தது. நாலைந்து கிராமங்களைக் கொண்ட சிறிய போர்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் ஆசிரியர் ஆய்வு நாளையே நம்பி வாழ்ந்தார். எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் ஆசிரியர்க்கு நிம்மதி அமைந்தது. அறையில் ஒரே பாடத்தை நடத்தினாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் தேர்ச்சிக்கு ஒரே எட்டு ஷில்லிங்தான் வரும். கற்பித்தவர் பெண்ணானால் அவர் பங்கு மட்டும் குறையும். பிரிட்டனில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் 1955இல் தொடங்கி 1961இல்தான் முழுமையாகக் கிடைத்தது.

ஆசிரியர்கள் வாளாவிருக்கவில்லை. 1870இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் தேசியச் சங்கத்தை அமைத்து இம்முறையை எதிர்த்தார்கள். இருபது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1890இல் தலைக்கணக்குத் தேர்வு பெரும்பாலும் கைவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மிச்சமும் போயிற்று. போர்டுகளும் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அவற்றை வீழ்த்தியது ஒரு தணிக்கைத் தடை! நம் அலுவலகங்களில் தணிக்கை என்றால் ஏன் நடுங்குகிறார்கள் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தொடக்கக் கல்விக்கென வசூலித்த வரியை இலண்டன் போர்டு உயர்நிலை அறிவியல் வகுப்புகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் செலவிட்டது. சட்டம் இதற்கு இடந்தரவில்லை என்று காக்கர்ட்டன் என்ற தணிக்கையாளர் 1899இல் அச்செலவைத் தள்ளினார். 1901இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு வகுப்புக்கு மேல் படிக்கப் போர்டுகள் திறந்த கதவு அது. அடுத்த ஆண்டே, 1902இல், பால்ஃபர் சட்டம் 2,500க்கு மேற்பட்ட போர்டுகளைக் கலைத்துக் கல்வியை மாவட்ட, நகர மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஆசிரியர்க்கு நாடு தழுவிய சம்பள விகிதம் வகுக்கும் குழு பர்ன்ஹாம் பிரபுவின் தலைமையில் 1919இல்தான் அமைந்தது.

சீமையில் தைத்த சட்டையை நமக்கும் மாட்டாமல் விட்டார்களா? 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறை இந்தியாவில் வந்தது. சென்னை மாகாணத்தில் 1860களின் இறுதியில் அது தேர்வு முடிவுக்கேற்ற மானியமாகத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஊரார் தரும் நெல்லையும் காசையும் கொண்டு காலந்தள்ளியவர்கள். அவர்களை அரசின் பாடத்திட்டத்துக்குள் இழுக்க இம்மானியம் தூண்டிலாயிற்று. மணலில் எழுத்துப் பழகிய பிள்ளைகள் படிநிலைத் தேர்வுக்கு நின்றார்கள். ஒரு நன்மையும் இதில் உண்டு. அதுவரை அரசின் கண்ணில் படாத ஊர்ப்பள்ளிகள் கணக்கில் வந்தன. எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. இங்கிலாந்தில் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இம்முறையைக் குறைகூறிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1882இல் அமைந்த ஹன்டர் குழு இந்தியத் தொடக்கப் பள்ளிகளுக்கு மானியத்தைப் பெரும்பாலும் தேர்வு முடிவைக் கொண்டே முறைப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அம்முறைக்கு எதிரான நிலை கர்சன் பிரபு காலத்தில், 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தில்தான் அழுத்தமாக வெளிப்பட்டது.

நம் 'போர்டு' 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல ஸ்தாபனச் சட்டத்தால் வலுப்பெற்றது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்பன அதன் கிளைகள். நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலித்த செஸ்தான் முக்கிய வருவாய். சாலை, சத்திரம், ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் அதிலிருந்தே நடக்க வேண்டும். மழை பொய்த்து விளைச்சல் இல்லாவிட்டால் செஸ் எங்கிருந்து வரும்? போர்டுக் கஜானா வற்றினால் காத்திருக்க வேண்டியவர்கள் அதை நம்பிச் சம்பளம் வாங்குபவர்கள்தாமே. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்விக்கெனத் தனி வரி விதிக்கவும் வழிசெய்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியங்கள் வந்து தொடக்கப் பள்ளிகள் அவற்றின்கீழ் அமைந்தன. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். இன்று அம்மாவின் சம்பளம் மாதக் கடைசியில் தவறாமல் வங்கியில் விழுகிறது. நான் மேடையில் ஏளனம் செய்த அந்த 'மாதம் பிறந்தால் சம்பளம்' இவ்வளவு நீண்ட வரலாற்றின் முடிவில் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இது பழங்கதை, இக்காலத்துக்குப் பொருந்தாது என்று எதிரணி நண்பர்கள் கூறலாம். அமெரிக்காவில் இன்றும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றை மக்கள் தேர்ந்தெடுத்த போர்டுகளே ஆள்கின்றன. போர்டு ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும். அவர் வரவு செலவும் தேர்ச்சியும் காட்ட வேண்டும். ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண் ஆண்டுக்காண்டு உயர்ந்து நாடே பாராட்டியது. 2011இல் மாநில ஆளுநர் அமைத்த விசாரணையின் அறிக்கை வெளியானபோது, 2009ஆம் ஆண்டுத் தேர்வில் 44 பள்ளிகளில் முறைகேடு நடந்தது தெரிய வந்தது. 178 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. ஆசிரியர்கள் பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளைக் குறித்திருந்தார்கள். 2015இல் நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. எட்டு ஷில்லிங் காலத்துப் பதிவேட்டுத் திருத்தமும் இதுவும் ஒரே செயலன்றோ? இதில் மிகவும் ஏமாற்றப்பட்டவர்கள், தேறிவிட்டாய் என்று சொல்லப்பட்டதால் தனிப்பயிற்சி கிடைக்காமல் போன பிள்ளைகள்தாம்.

ஆனால் என் பழைய கட்சிக்கு ஆதரவான சான்று ஒன்றும் கிடைத்தது. அதை மறைத்தால் நேர்மையாகாது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற பொருளியலறிஞர்கள் நடத்திய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியர்க்கு ஊக்கத்தொகை தந்த பள்ளிகளில், இரண்டாண்டு முடிவில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். ஊக்கத்தொகை இல்லாத பாடங்களிலும் அவர்கள் பின்தங்கவில்லை. லோவின் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பலமுறை யோசித்தேன். இங்கே சம்பளத்தில் கை வைக்கவில்லை. அது இருந்தபடி இருந்தது. தந்தது அதன்மேல் ஒரு சிறு தொகை, சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று அளவே. தேறினாயா, தவறினாயா என்று கேட்கவில்லை. எங்கிருந்து எவ்வளவு முன்னேறினாய் என்று கேட்டார்கள். கேட்டவர்களும் வெளியார். எனவே நான் மேடையில் சொன்னது முழுப்பொய் என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலியைப் பிடித்துக்கொண்டு தேர்ச்சி கேட்பது வேறு, கூலியை உறுதி செய்துவிட்டு முன்னேற்றம் கேட்பது வேறு என்று அன்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நம் ஊர்களில் எட்டு ஷில்லிங் சட்டம் இல்லை. ஆயினும் மே மாதம் பிறந்தால் 'நூற்றுக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி' என்று பள்ளி வாயிலில் தட்டி கட்டுகிறார்களே, அந்த நூறு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்த தோழி ஒருத்திக்கு அவ்வாண்டு முடிவில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். மறு ஆண்டு அப்பள்ளியின் தட்டியில் நூறு இருந்தது. அவள் இன்னொரு பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பு தேறினாள். அந்தப் பள்ளிக்கு அவ்வாண்டு நூறு வரவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். லோவின் முதற்படித் தேர்வு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். "இருபது வரைக்கும் எழுதணுமா? நாங்க அதுக்கு மேலயே போயிட்டோம்" என்றார்கள். அந்தப் பெண் தை பிறக்கும் முன்பே நூறு வரை எழுதப் பழகிவிட்டாளாம். கடன் வாங்கிக் கழித்தல் மட்டும் பாதியில் நிற்கிறது. சூளைக்குப் புறப்பட்ட அன்று அவள் நோட்டை அம்மா வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறார்கள், அங்கே மழையிலும் மண்ணிலும் கிடந்து வீணாகிவிடுமே என்று. ஆடி பிறந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு நோட்டின் நடுவே ஒரு காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறார்கள்.